"இது என்ன பதிவு புள்ள?"

கேள்வி:

மிஸ், நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். வேலையோடு சேர்த்துப் படித்துச் சமூகப்பணி இளமாணிப் படிப்பின் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டேன். இப்போது ஆய்வேடு எழுத வேண்டும். "பெண் தலைமைக் குடும்பங்களின் வாழ்வாதாரத்தில் நுண்கடனின் தாக்கம்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். என்னுடைய பிரிவில் எல்லாரையும் எனக்குத் தெரியும் என்பதால் அங்கேயே 100 வினாக்கொத்து நிரப்பி, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருளில் போட்டு முடிக்கலாம் என்று நினைக்கிறேன். 42 கேள்விகளும் எழுதிவிட்டேன். ஆனால் ஏதோ சரியில்லை என்று மனம் சொல்கிறது. 100 பேர் போதுமா? சமூகப்பணியில் ஆய்வு செய்வதன் அடிப்படையை எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லித் தருவீர்களா?

வாசகி, மட்டக்களப்பு

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் மனம் சொல்வது சரிதான். 100 போதுமா என்ற கேள்விக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். அதற்கு முன், பைலோடு நீங்கள் ஒரு வளவுக்குள் கால் வைக்கும்போது என்ன நடக்கும் என்று பார்ப்போம். வேலியோரம் நிற்கிற ஆச்சி முதலில் கேட்பது என்ன? "இது என்ன பதிவு புள்ள? எங்களுக்கு ஏதும் வருமா?" இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உங்களிடம் இல்லையென்றால் அதன் பிறகு நிரப்புகிற 42 விடைகளும் ஆட்டம் காணும்.

எங்கள் மாவட்டத்துச் சனம் அளவுக்கு மிஞ்சி எழுதப்பட்ட சனம். 1978 சூறாவளிக்கு எழுதினார்கள், யுத்த இடப்பெயர்வுக்கு எழுதினார்கள், சுனாமிக்கு எழுதினார்கள், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எழுதினார்கள், அண்மையில் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவிக்கான விண்ணப்பத்துக்கும் எழுதினார்கள். படிவத்தோடு வருகிறவர் வந்தால் பின்னால் அரிசியோ தகரமோ காசோ வரும், அல்லது இருக்கிறது வெட்டுப்படும். இந்த இரண்டையும் அனுபவத்தால் கற்றவர்கள் அவர்கள். அதனால் வருமானத்தைக் குறைத்துச் சொல்வார்கள், மத்திய கிழக்கிலிருந்து மகள் அனுப்புகிற காசைச் சொல்லமாட்டார்கள், கடனைக் கூட்டியும் சொல்வார்கள், மறைத்தும் சொல்வார்கள். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. கடனைப் பதிந்தால் கடன் வெட்டுப்படலாம் என்ற நினைப்புக்கு அது ஒரு காரணமாயிற்று. அவர்களைப் பொய்யர் என்று யாரும் சொல்லக் கூடாது. கேட்கிறவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதைத் தாங்களாகவே கணித்து, அதற்கு ஏற்ற விடையைத் தருகிறார்கள். அந்தக் கணிப்புப் பிழைத்தால் உங்கள் தரவும் பிழைக்கும்.

2005 தை மாதத்தில், சுனாமி அடித்த நாவலடிப் பக்கமிருந்து வந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பாடசாலையில் நானும் படிவத்தோடு போனேன். ஒரு நிறுவனத்தின் அளவீடு, ஒரு குடும்பத்துக்கு நான்கு பக்கம். வகுப்பறை மூலையில் இருந்த ஒரு அம்மா நான் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னார். கடைசியில் சொன்னார்: "நீ நாலாவது ஆள் புள்ள. நாலு பேருக்கும் என்ட மகன்ட வயசச் சொல்லிட்டன். ஏன் கேக்கிற எண்டு ஒருத்தரும் சொல்லல்ல." அந்தப் படிவங்களைக் கட்டிக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அந்த அம்மாவிடம் நான் திரும்பிப் போகவில்லை. இருபது வருடம் கடந்தும் ஆய்வு என்ற சொல்லைக் கேட்டால் அந்த வகுப்பறைதான் எனக்கு முன்னால் வரும். நீங்கள் கேட்ட அடிப்படையை அங்கேயிருந்துதான் என்னால் சொல்ல முடியும். எங்கள் துறையில் ஆளை மதிப்பது ஒரு பக்கம், சரியான தரவு எடுப்பது இன்னொரு பக்கம் என்று பிரித்து வைக்க வழியில்லை. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதும் கிடைக்காது.

இதை வைத்து உங்கள் திட்டத்தைப் பாருங்கள். உங்கள் பிரிவிலேயே செய்யப் போகிறீர்கள். அந்தப் பெண்களுக்கு நீங்கள் யார்? வாழ்வாதார உதவிப் பட்டியலில் பெயர் போடுகிறவர், கடிதத்தில் ஒப்பம் வைக்கிறவர், கூட்டத்துக்கு வரச் சொல்கிறவர். அப்படிப்பட்ட ஒருவர் வந்து "விருப்பமென்றால் மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றால், விருப்பமில்லை என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் கிடைக்கும், ஆனால் ஒப்புதல் கிடைத்ததாக ஆகாது. ஆகவே என் முதல் ஆலோசனை: உங்கள் பிரிவை விடுங்கள். மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. நீங்கள் யாரென்று தெரியாத ஒரு பிரிவுக்குப் போங்கள். பட்டிப்பளையில் வேலை என்றால் செங்கலடிக்குப் போகலாம், வவுணதீவு என்றால் களுவாஞ்சிகுடிப் பக்கம் போகலாம். பஸ் செலவு கூடும், லீவு எடுக்க வேண்டி வரும். அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பாடநூல்கள் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகும். எங்கள் ஊர் நிலைமையில் ஆய்வு நிற்பதும் விழுவதும் இதில்தான்.

அடுத்தது தலைப்பு. நீங்கள் எழுதியிருப்பது ஒரு துறை, இன்னும் கேள்வியாகவில்லை. 'தாக்கம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. அதற்குள் வருமானம், சாப்பாடு, பிள்ளையின் படிப்பு, நித்திரை, மானம் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. ஒரு கேள்வி ஆய்வுக் கேள்வியாக இரண்டு இலட்சணம் வேண்டும் என்பேன். விடை உங்களுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்க வேண்டும். விடை தெரிந்தால் யாராவது ஒருவர் அடுத்த நாள் தன் வேலையை வேறு மாதிரிச் செய்ய வேண்டும். "நுண்கடனால் பெண்கள் பாதிக்கப்படுகிறார்களா?" என்றால் பாதிக்கப்படுகிறார்கள் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவுகட்டியிருக்கிறீர்கள், 42 கேள்விகளும் அதை நிரூபிக்கத்தான் வரிசையில் நிற்கின்றன. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன் எடுக்கிற முடிவை ஒரு பெண் எப்போது, யாரோடு பேசி எடுக்கிறாள்? இதற்கு எனக்கு விடை தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்தால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும், சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கமும், கந்தோரில் இருக்கிற உங்களைப் போன்ற உத்தியோகத்தரும் அந்தப் பெண்ணை எந்தக் கட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்கலாம்.

இதற்கிடையில் இன்னொரு வேலை. ஏற்கெனவே மற்றவர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆய்வேடுகள் இருக்கும், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல் இருக்கும், தொகைமதிப்புத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவு அளவீடு இருக்கிறது. கைநூலில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கிற ஒன்றைக் கேட்க ஒரு பெண்ணின் அடுப்படி வேலையை நிறுத்த உங்களுக்கு உரிமையில்லை.

பெண் தலைமைக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாடளவில் ஏறத்தாழ நாலில் ஒரு வீடு இந்த வகை. ஆனால் யார் தலைவி? இங்கே மட்டக்களப்புக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, கொஞ்சம் நின்று பாருங்கள். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போகும். மூத்த மகள் கலியாணம் செய்தால் தாய் அந்த வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்குப் போவாள். மருமகன் வந்து குடியிருப்பான். இப்போது ஐம்பது வயது விதவை ஒருத்தி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், இன்னும் கலியாணமாகாத இரண்டாவது மகள் எல்லாரும் ஒரே வளவு. வாக்காளர் இடாப்பில் பிரதம குடியிருப்பாளர் மருமகன். காணி உறுதி மகள் பேரில். உழைக்கிறது விதவையும் இரண்டாவது மகளும். கடன் விதவையின் பேரில், ஆனால் அந்தக் காசு போனது மருமகனின் மோட்டார் சைக்கிளுக்கு. இது ஆண் தலைமை வீடா, பெண் தலைமை வீடா? ஒரு வீடா, இரண்டு வீடா?

தொகைமதிப்பில், தங்கி வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களை ஒரு வீட்டு அலகாகக் கொள்வார்கள். நல்ல அளவுகோல்தான், நீங்களும் எடுக்கலாம். ஆனால் கடனைப் படிக்கப் போகிற உங்களுக்கு அடுப்பை விட முக்கியம், தவணைக்காசு யார் கையிலிருந்து போகிறது என்பது. எதை எடுத்தாலும் சரி, களத்துக்குப் போகுமுன் ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டு, கடைசி வீடு வரை அதையே பிடியுங்கள். செயல்முறை வரைவிலக்கணம் என்று விரிவுரையில் எழுதித் தந்திருப்பார்கள், அது இதுதான். கிராம உத்தியோகத்தர் தருகிற விதவைகள் பட்டியலை அப்படியே எடுத்தால் கணவன் விட்டுப் போனவள், கணவன் கிடையில் கிடப்பவள், கணவன் காணாமல் ஆக்கப்பட்டும் விதவை என்று எழுத மனம் ஒப்பாதவள் எல்லாரும் வெளியே நிற்பார்கள். அந்தக் கடைசிப் பெண்ணிடம் போய் "நீங்கள் விதவையா?" என்று பெட்டியில் புள்ளடி போடக் கேட்காதீர்கள். "வீட்டில் இப்ப ஆர் ஆர் இருக்கிறீங்க?" என்று கேட்டால் அவள் தானாகச் சொல்வாள்.

இனி 100. இது எங்கேயிருந்து வந்த எண் என்று எனக்குத் தெரியும். முந்தின வருடத்து அக்காமார் 100 எடுத்தார்கள், அதனால் நீங்களும் எடுக்கிறீர்கள். கணக்கைப் பார்ப்போம். எழுமாற்றாக, அதாவது குலுக்கல் முறையில், எடுத்த 100 பேரில் பாதிப்பேர் 'ஓம்' என்றால், உண்மையான அளவு 40 இலிருந்து 60 சதவீதத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். அந்த இடைவெளியைப் பாதியாக்கக் கிட்டத்தட்ட 400 பேர் வேண்டும். சின்னக் குடித்தொகை என்றால் கொஞ்சம் குறையும். எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று பார்க்க மாணவர் எல்லாரும் பாவிக்கிற 1970 ஆம் ஆண்டின் கிரெஜ்சி மோர்கன் அட்டவணைப்படி, 240 குடும்பம் இருந்தால் 148 பேர் வேண்டும். ஆக அளவீடு என்று பார்த்தால் உங்கள் 100 போதாது. மேலே நான் எழுதிய மாதிரி 'எப்படி, யாரோடு பேசி' என்ற கேள்வி என்றால் 100 மிக அதிகம். ஒவ்வொருவரோடும் ஒரு மணித்தியாலம் இருந்து பேசி, அதை முழுதாக எழுதி, திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். தனி ஆளாக 100 பேருக்கு உங்களால் அதைச் செய்ய முடியாது. ஆழமான நேர்காணலில் எண்ணை முன்கூட்டிப் பூட்டி வைப்பதில்லை, புதிதாக ஒன்றும் வராமல் நின்றுபோகும் வரை போவோம். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களின் நேர்காணல்களை வைத்து ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்து 2006 இல் வெளியிட்டார்கள். முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான விடயங்கள் வந்துவிட்டன. நீங்கள் 15 முதல் 20 பேர் என்று திட்டமிடுங்கள். வயது, தொழில், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று வேறுபாடு தெரிகிற மாதிரி ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் மேற்பார்வையாளர் எண்ணிக்கைதான் வேண்டும் என்று நின்றால், உதாரணமாக 240 பேர் உள்ள ஒரு பட்டியலில் 40 பேரை எழுமாற்றாக எடுத்து ஒரு சிறு வினாக்கொத்தும் சேர்க்கலாம். 240 ஐ 40 ஆல் பிரித்தால் 6. ஒன்றிலிருந்து ஆறு வரை துண்டு போட்டு ஒன்றை எடுங்கள். 4 வந்தால் பட்டியலில் 4, 10, 16 என்று போங்கள். 16 ஆவது வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று விட்டுவிட்டு 17 க்குப் போகாதீர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள்தான் எப்போதும் எல்லாருடைய பட்டியலிலும் விடுபடுகிறவள். 40 பேரை வைத்து முழு மாவட்டத்துக்கும் சதவீதம் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

42 கேள்விகளை நான் பார்க்கவில்லை. ஆனால் ஆங்கில வினாக்கொத்து ஒன்றைப் பார்த்து மொழிபெயர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். "கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் மன அழுத்தத்தை உணர்ந்தீர்களா?" என்று ஒரு கேள்வி இருந்தால் அதை வெட்டுங்கள். எங்கள் பெண்கள் மன அழுத்தத்தை உணர்வதில்லை, அவர்களுக்கு யோசின வரும். "ராவு முழுக்க யோசினதான் புள்ள", "நெஞ்சு பதறுது", "சோறு இறங்குதில்ல" என்பார்கள். அந்தச் சொற்களில் கேட்டால்தான் அந்த விடயம் வெளியே வரும். காத்தான்குடியிலும் வாகரையிலும் கொக்கட்டிச்சோலையிலும் ஒரே சொல் ஓடாது என்பதையும் மனதில் வையுங்கள். இதற்குத்தான் முன்னோடி ஆய்வு. நீங்கள் எடுக்கப் போகாத ஒரு கிராமத்தில் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு "நான் என்ன கேட்டேன் என்று விளங்கிச்சு?" என்று கேளுங்கள். அந்த ஒரு பின்னேரம் உங்கள் 42 ஐ 15 ஆக்கிவிடும்.

மாத வருமானம் என்ற கேள்வியும் அப்படித்தான். கூலிக்கு வயலுக்குப் போகிறவளுக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. பெரும்போக வெட்டில் ஒரு கை, சிறுபோகத்தில் ஒரு கை, இடையில் வாவியில் இறால், மாரியில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத மாதங்களில்தான் வாரத் தவணை வந்து வாசலில் நிற்கும். ஒரு வெள்ளைத் தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, சித்திரையிலிருந்து பங்குனி வரை எந்த மாதம் காசு வந்தது, எந்த மாதம் கடன் வந்தது என்று அவளையே புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்தத் தாளில் வந்துவிடும். வருடம் கேட்டாலும் இதே வழி. "2011 இல்" என்று கேட்டால் திணறுவார்கள். "அந்தப் பெரிய வெள்ளத்துக்கு முன்னா பின்னா", "மண்முனைப் பாலம் திறக்க முதலா" என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழுக் கலந்துரையாடலும் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்தத் தலைப்புக்கு வேண்டாம். குழுக்கடனில் பெண்கள் ஆளுக்காள் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். பக்கத்து வீட்டுக்காரிதான் பிணைகாரி, அவள் மச்சாளாகவும் இருப்பாள். எட்டுப் பேரை வட்டமாக இருத்தி "தவணை தவறியதுண்டா?" என்று கேட்டால் ஒன்றில் எல்லாரும் பொய் சொல்வார்கள், அல்லது நீங்கள் போன பிறகு அந்த வளவில் சண்டை தொடங்கும். தனியாகப் பேசுங்கள். தனியாக என்றால் வீட்டில்தான் என்றில்லை. வீட்டில் தாய் இருப்பாள், தங்கச்சி இருப்பாள், மச்சான் படலையில் நிற்பான். கோயில் வீதி, பாலர் பாடசாலைத் திண்ணை என்று அவள் சொல்கிற இடத்துக்குப் போங்கள். அன்றைக்குச் சரிவராவிட்டால் திரும்பி வாருங்கள். ஒருத்தி என்னிடம் இரண்டு தரம் "லோன் ஒண்டும் இல்ல" என்றாள். மூன்றாம் தரம் கிணற்றடியில் வைத்துச் சொன்னாள்: "மறுகா என்ன செய்ற? அங்கால எடுத்து இஞ்சால கட்டுற." நீங்கள் தேடுகிற கேள்வியின் விடை அந்தக் கிணற்றடி வசனம். வினாக்கொத்தில் அவளுக்கு 'கடன் இல்லை' என்று புள்ளடி விழுந்திருக்கும்.

கேட்பது மட்டுமே ஆய்வு என்று நினைக்கவும் வேண்டாம். ஒஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்றொரு ஆலைக் கிராமம். ஆலை மூடி ஊரே வேலையிழந்தது. மரீ யஹோடா என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1931 இலும் 1932 இலும் அங்கே 478 குடும்பங்களைப் படித்தார்கள். வீதியில் ஆட்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தரம் நிற்கிறார்கள் என்று மணிக்கூட்டோடு அளந்தார்கள். பெண்கள் விறுவிறென்று நடந்தார்கள். வீட்டு வேலை அவர்களுக்குக் குறையவில்லையே! ஆண்கள் மெதுவாக, நின்று நின்று போனார்கள். நேரம் கூடியிருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. நம்பிக்கை போன ஒரு ஊரை ஒரு கேள்வியும் கேட்காமல் அளந்த விதம் அது. அவர்கள் ஒரு விதியும் வைத்திருந்தார்கள். ஊரில் ஒருவரும் வெறும் பார்வையாளராக இருக்கக் கூடாது, ஊருக்குப் பயனுள்ள ஒரு வேலையைச் செய்தபடிதான் ஆய்வு செய்ய வேண்டும். உடுப்புச் சேர்த்துக் கொடுத்தார்கள், வைத்திய ஆலோசனை வைத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். சமூகப்பணி மாணவர் எல்லாரும் இந்த ஆய்வைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் கிராமத்தில் தவணை சேர்க்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் எந்தப் படலைகள் மூடுகின்றன என்று ஒரு கிழமை பாருங்கள். வீட்டைக் குறிக்க வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். பற்றிச் சுருக்கமாக. அது கணக்குப் போடும், விளக்கம் தராது. கடன் கூடியவர்களுக்கு யோசினையும் கூட இருந்தால், கடனால் யோசின வந்தது என்று எழுதாதீர்கள். நோயும் யோசினையும் வந்து உழைப்பு நின்று, அதனால் கடன் எடுத்திருக்கலாம். ஒரே நாளில் இரண்டையும் கேட்டால் எது முந்தியது என்று தெரியவராது. முந்தியது எது என்று அறிய நாள்பட அளக்க வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. நீங்கள் ஆற்றுப்படுத்துகிற ஒரேயொரு பையனின் பாடசாலை வரவை, தலையீட்டுக்கு முந்தின ஆறு கிழமையும் பிந்தின எட்டுக் கிழமையும் இடாப்பிலிருந்து எடுத்து ஒரு கோட்டில் வரைந்தால் அதுவும் ஆய்வுதான், ஒற்றை ஆள் ஆய்வு. எங்கள் துறைக்கு நன்றாகப் பொருந்துகிற முறை அது. பட்டம் முடிந்த பிறகும், கந்தோரில் உங்கள் சொந்த வேலை பலிக்கிறதா என்று நீங்களே பார்க்க உதவும்.

கடைசியாக ஒழுக்கநெறி அனுமதி. இதை ஒரு படிவ வேலையாக எடுக்காதீர்கள். அமெரிக்காவில் அலபாமாவில் 1932 இலிருந்து 1972 வரை, மேகப்புண் நோய் இருந்த கறுப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானோரை வைத்தியம் தருவதாக நம்பவைத்து, பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியே வந்த பிறகுதான் 1979 இல் பெல்மொன்ட் அறிக்கை எழுதப்பட்டது. ஆளை மதி, நன்மை செய், சுமையையும் பயனையும் நீதியாகப் பங்கிடு என்ற மூன்றும் அதிலிருந்து வந்தவை. அந்த மனிதர்களும் உதவி வருகிறது என்றுதான் நம்பியிருந்தார்கள். எங்கள் ஆச்சியின் "ஏதும் வருமா?" என்ற கேள்வியை நான் அதனால்தான் முதலில் வைத்தேன்.

ஒப்புதலைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பழகுங்கள். நான் சொல்வது இப்படி: "நான் ஒபிஸ் வேலையா வரல்ல, படிக்கிற ஆளா வந்திரிக்கன். நீங்க சொன்னா உதவி ஒண்டும் வராது. சொல்லாட்டி, வாற உதவி ஒண்டும் நிக்காது. புடிக்காத கேள்வியெண்டா வேணாம் எண்டு சொல்லுங்க. இடையில எழும்பிப் போனாலும் நான் கோவிக்க மாட்டன்." இதைக் கேட்டுவிட்டுச் சிலர் எழும்பிப் போவார்கள். போகட்டும். இருந்து பேசுகிறவர்களின் பேச்சு உங்களுக்குக் கிடைத்த சொத்து. பெயரை எழுத வேண்டாம், இலக்கம் போடுங்கள். எந்த இலக்கம் யார் என்ற தாளை வேறாகப் பூட்டி வையுங்கள். போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது கூடவே கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, வாசித்து வையுங்கள். சின்ன ஊரில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. "இறால் பிடிக்கிறவள், கணவனுக்கு இரண்டு காலும் இல்லை" என்று எழுதினால் ஊருக்கே தெரியும், விபரத்தை மாற்றி எழுதுங்கள்.

பேசும்போது அழுவார்கள். ரெக்கோடரை நிற்பாட்டுங்கள், பேனையை வையுங்கள், இருங்கள். கேள்விக்குத் திரும்புவதா என்று அவளே தீர்மானிக்கட்டும். சாகிற கதை வந்தால் அந்த நேரத்திலிருந்து நீங்கள் ஆய்வாளர் இல்லை, சமூகப்பணியாளர். 1926 என்ற உளநல உதவி இலக்கம், பெண்களுக்கான 1938, சிறுவருக்கான 1929, கிட்டிய வைத்தியசாலையின் உளநலப் பிரிவு எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள். ஆனால் துண்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடாதீர்கள், அங்கேயே இருந்து அழைப்பெடுத்துக் கொடுங்கள். கேட்டு வந்ததெல்லாம் உங்கள் நெஞ்சிலும் கிடக்கும், மேற்பார்வையாளரிடம் கிழமைக்கு ஒரு தரமாவது கதையுங்கள்.

நாட்களைக் குறிக்கும்போது கார்த்திகை, மார்கழியைக் களவேலைக்கு வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் படுவான்கரை வீதிகள் நிற்கும், வெள்ளத்தோடு போகிற உங்களை நிவாரணப் பதிவு என்றுதான் நினைப்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, முஸ்லிம் கிராமங்களில் நோன்பு மாதம், இவற்றையும் விடுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரை ஒரு வீட்டுக்கும் போக வேண்டாம், முன்னோடிக்கும்தான்.

ஊருக்குத் திரும்பிப் போகிற நாளையும் இப்போதே குறித்து வையுங்கள், ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தின ஒரு நாளாக. நீங்கள் கண்டதை ஒரே பக்கத்தில், தனி ஆள் கதை ஒன்றும் இல்லாமல், எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் எழுதி மாதர் சங்கக் கட்டடத்தில் வாசித்துக் காட்டுங்கள். "இது சரியில்ல புள்ள, இங்க அப்படி இல்ல" என்று யாராவது சொன்னால் அதை எழுதிக்கொண்டு வந்து திருத்துங்கள், திருத்தியதை ஆய்வேட்டில் ஒரு பந்தியாகச் சேருங்கள். உங்கள் 42 கேள்விகளையும் எனக்கு அனுப்பி வையுங்கள், இரண்டு பேருமாக இருந்து வெட்டுவோம்.

அன்புடன்,
அக்கா